பகல் தூக்கம்

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தபோது 200 மணி நேரம் பறந்திருந்தேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வு ஒவ்வொன்றிலும் 70 சதவீதம், முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, ரேடியோ லைசென்ஸ் எல்லாம் முடிந்திருந்தது. வேலைதான் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு சரக்கு விமான நிறுவனம் அழைத்தது. எழுத்துத் தேர்வும் சிமுலேட்டர் சோதனையும் தாண்டி நேர்முகத்தில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த மூத்த கேப்டன் முதலில் கேட்டது, "பகல்ல தூக்கம் வருமா?"

"வரும் சார்" என்றேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது தெரியவில்லை.

போயிங் 757-ஐ ஓட்டுவதற்கான தனித் தகுதிப் பயிற்சியான டைப் ரேட்டிங்கில் மனதில் தங்கிவிட்டது, சரக்கு ஏற்றும் மேல்தளமான மெயின் டெக்கில் தீ பிடித்தால் என்ன செய்வது என்ற பாடம். பயணிகள் விமானத்தில் புகை வந்தால் பார்த்துச் சொல்லவும் அணைக்கவும் கேபினில் ஆள் உண்டு. எங்கள் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் மட்டும்தான். அதனால் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு, விமானத்தின் உள்காற்றழுத்தத்தை வெளியேற்றி, 25,000 அடியில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதை வைத்தே தீயை அடக்கப் பார்க்க வேண்டும். கூடவே பக்கத்து விமான நிலையத்துக்கு விரைய வேண்டும். 2010 செப்டம்பரில் துபாய் அருகே லித்தியம் பேட்டரிகள் ஏற்றிச் சென்ற 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்ததைப் பயிற்சியாளர் விவரித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை.

நிஜ விமானத்தில் பறந்தே பழகும் லைன் டிரெயினிங்கில் ஒரு கேப்டன் டார்ச்சைக் கையில் கொடுத்து, "தம்பி, லோடு ஷீட்டை நம்பு, ஆனா பூட்டையும் பாரு" என்றார். எந்தச் சரக்கு எங்கே, எவ்வளவு எடை என்று சொல்லும் தாள்தான் லோடு ஷீட். சரக்கை அடுக்கி வலை போட்டுக் கட்டும் தட்டான பேலட் ஒவ்வொன்றின் அடியிலும் தரையிலிருந்து எழும்பி நிற்கும் இரும்புப் பூட்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனோம். வலையின் பட்டையை இழுத்துப் பார்த்தோம். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு சரக்கு விமானம் மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருந்த கவச வாகனம் பின்னோக்கி நகர்ந்ததால் அது விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். இன்றைக்கும் பூட்டுகளைப் பார்க்காமல் இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

இதெல்லாம் படித்தால் வந்துவிடும். உடம்புதான் வசப்படவில்லை. அதிகாலை 2 முதல் 6 வரை உடலின் உள்கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். எங்கள் வேலையோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மூன்றாவது மாதம் ஓர் இரவு, இறங்கும்போது கட்டுப்பாட்டு அறை பதினோராயிரம் அடி என்றது. நான் பத்தாயிரம் என்று திருப்பிச் சொன்னேன். கேப்டன் உடனே திருத்தினார். தரையிறங்கி இன்ஜினை அணைத்த பிறகுதான் கேட்டார்.

"எத்தனை மணி நேரம் தூங்கினே?"

"மூணு சார்."

அவர் திட்டவில்லை. வீட்டுக்குப் போகும்போதே கறுப்புக் கண்ணாடி போடு, வெயில் கண்ணில் பட்டால் உடம்பு காலை என்று நினைத்துக்கொள்ளும் என்றார். முக்கியமாக, டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரமாவது படுக்கச் சொன்னார்.

பொழிச்சலூரில் எங்கள் வீடு. ஜன்னலுக்கு அப்பா கறுப்புத் துணி இரண்டடுக்காகத் தைத்துப் போட்டார். காலிங் பெல் கம்பியைக் கழற்றினார். அம்மா காலை ஏழு மணிக்குள் குக்கர், மிக்ஸி வேலையெல்லாம் முடித்துவிடுவார். உறவுக்காரர் கல்யாணங்களுக்கு நான் போகாததற்கு அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாறு மாதத்தில் பகலில் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்க வந்துவிட்டது. இந்த லைசென்ஸில் அவர்களுக்கும் பங்குண்டு.

கேப்டனாக ஏடிபிஎல் என்ற அடுத்த கட்ட லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஓர் இரவில் இரண்டு மூன்று செக்டர், அதாவது ஊர் விட்டு ஊர் இரண்டு மூன்று தடவை, பறந்தாலும் எனக்கு மணிக்கணக்கு மெதுவாகத்தான் ஏறியது. பயணிகள் விமானத்துக்குப் போன நண்பர்கள் முந்திவிட்டார்கள். எனக்கும் மாறும் யோசனை இருந்தது. அப்புறம் 2020 வந்தது. மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். விமானங்கள் நிற்கும் ஏப்ரன் வெறிச்சோடிக் கிடக்க, அங்கே எங்கள் விமானத்துக்கு மட்டும் விளக்கு எரியும். மருந்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த யோசனை அதோடு போய்விட்டது.

அடுத்த மாதம் கேப்டனாவதற்கான கமாண்ட் பயிற்சி தொடங்குகிறது. இன்று இரவு டெல்லி. சரி, திரையை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும்.