திரெடிங்கை ஜூமில் சொல்லிக்கொடுத்தபோது

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது என் பியூட்டிஷியன் வகுப்பில் ஒன்பது பெண்கள். ஃபேஷியல் முடித்து, முறுக்கிய நூலால் புருவ முடியை எடுக்கும் திரெடிங் ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை. சரி, ஜூமில் எடுக்கலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம் வீண். போனை எதிரே வைத்துச் செய்துகாட்டுவேன், "புரிஞ்சுது மேம்" என்பார்கள். அனுப்பிய படங்களைப் பார்த்தால் நூலைக் கைமாற்றிப் பிடித்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்தால் என் வலக்கை அவர்களுக்கு இடப்பக்கம்தானே தெரியும்! ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, போனை என் தோளுக்குப் பின்னால் உயரத்தில் கட்டினேன். என் கண்ணுக்குத் தெரிவதே அவர்களுக்கும் தெரிந்தது. அந்தக் குழப்பம் அதோடு தீர்ந்தது.

ஆனால் உண்மையில் வகுப்பை மாற்றியது வேறு. நான் செய்துகாட்டும் நேரத்தைக் குறைத்து, அவர்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆளுக்குப் பத்து நிமிடம். முகம் தெரிய வேண்டாம், கேமரா கை மேல் இருக்க வேண்டும். பயிற்சி அவரவர் கால் முடியில். ஒரு பெண்ணுக்கு முடி வேரோடு வராமல் நடுவில் அறுந்துகொண்டே இருந்தது. நூலில் முறுக்கு சரியாக இருந்தது, ஓட்ட வேண்டியபடி முடி வளரும் திசைக்கு எதிராகத்தான் ஓட்டினாள். உற்றுப் பார்த்தபோதுதான் தோல் தளர்ந்து கிடப்பது தெரிந்தது. பார்லரில் வாடிக்கையாளரே புருவத் தோலை இழுத்துப் பிடிப்பார். இங்கே யார் பிடிப்பது? "தங்கச்சியைக் கூப்பிடும்மா, ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லு" என்றேன். அடுத்த இழுப்பில் முடி வேரோடு வந்தது. அன்றிலிருந்து எல்லார் வீட்டிலும் வகுப்பு நேரத்தில் அம்மாவோ தங்கையோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சிலவற்றை ஆன்லைனில் நான் தொடவே இல்லை. ஃபவுண்டேஷன் ஷேடு பார்ப்பதை போன் கேமராவை நம்பிச் சொல்லித்தர முடியாது, தோல் நிறத்தையே அது மாற்றிக் காட்டும். ஹேர் கலரிங்கில் சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் என்றால் 6% ஹைட்ரஜன் பெராக்சைடு, முதலில் தோலில் கொஞ்சம் பூசி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என்பதையெல்லாம் பாடமாக நடத்தினேன். தலையில் பூசுவதை நேரில் வந்த பிறகே அனுமதித்தேன். இதில் எனக்கு இன்றும் சமரசம் கிடையாது.

அப்புறம் வகுப்பு திறந்த அன்று, முதல் ஆளாக நானே நாற்காலியில் உட்கார்ந்து, முடி அறுந்துகொண்டே இருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். புருவத் தோலை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு புருவமும் முடியும்வரை ஒரு முடிகூட அறுபடவில்லை.