எந்த வயலுக்கும் போகாத வாய்க்கால்

மே 8, 2024, புதன். ஓசேர் – மய்யி

காலையில் பாரிஸ் பெர்சி நிலையத்தில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றி, ஓசேரில் இறங்கினோம். ஊர்ப் பெயரின் எழுத்தில் எக்ஸ் இருக்கிறது. ஊர்க்காரர் வாயில் அது 'ஸ்'தான். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் நான் 'ஓக்ஸேர்' என்றே சொல்லிவந்திருக்கிறேன். பக்கத்து இருக்கை அம்மா சிரித்துக்கொண்டே திருத்தினார்.

மச்சான் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. நெல்லும் கரும்பும் பயிர் செய்கிறவன். பாரிஸ் அவனுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தத் திட்டம்: நிவெர்னே கால்வாய்க் கரையோடு லுவார் ஆறு வரைக்கும், 174 கி.மீ. அங்கிருந்து கால் போகிற வரை.

ஓசேரில் முதல் மதகின் எண் 81. இங்கே மதகு என்றால் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. மேலே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். ஒன்றாம் எண்ணைத் தொட்டால் மலை முதுகுக்கு வந்துவிட்டோம் என்று கணக்கு. ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சின்ன வீடு, சுவரில் பெயரும் எண்ணும் எழுதிய பலகை. கரைப்பாதை அந்தக் காலத்தில் ஆளும் கழுதையும் படகிழுத்து நடந்தது. அதனால் மேடு என்று ஒன்று கிடையாது, மதகு வரும் இடத்தில் மட்டும் நாலு மிதி அழுத்தி மிதிக்க வேண்டும்.

இருபது கிலோமீட்டர் வரை மச்சான் வாய் திறக்கவில்லை. இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான்: "மாமா, இந்தத் தண்ணி எந்த நெலத்துக்குப் போவுது?"

எந்த நிலத்துக்கும் இல்லை என்றேன். படகு போவதற்கு மட்டும்.

"கிளை வாய்க்கா?"

கிடையாது.

அதற்குப் பிறகு மய்யி வரும்வரை மறுபடி பேச்சில்லை.

மே 9, வியாழன். கிளாம்சி

நேற்று போர் வெற்றி நாள் விடுமுறை, இன்று ஏசு விண்ணேறிய திருநாள் விடுமுறை. இரண்டு நாளும் கடை சாத்தியிருக்கும் என்று யோசிக்காமல் கிளம்பியது என் தப்பு. காலையில் ஒரு ரொட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. பகெத்தைப் பிளந்து, என் மனைவி பாட்டிலில் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே இருந்தது.

சொசுவா பாறைகளில் ஆட்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆற்றை ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கிளாம்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாஸ்வில் என்ற இடத்தில் கால்வாய் இயோன் ஆற்றையே குறுக்கே கடக்கிறது. பாலமெல்லாம் இல்லை. படகு ஒரு மதகு வழியாக ஆற்றில் இறங்கி, தடுப்பணைக்கு மேலாக எதிர்க்கரைக்குப் போய், மறுபடி கால்வாய்க்குள் நுழைந்துகொள்கிறது. மச்சான் அதை நின்று நிதானமாகப் பார்த்தான்.

கிளாம்சியில் அவன் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது. பாலத்தின் மேல் ஒரு சிலை: கையில் கொக்கிக் கம்போடு, ஆற்றில் விறகு மிதக்கவிடும் தொழிலாளி ஒருவர். பாரிசின் அடுப்புகளுக்கும் கணப்புகளுக்கும் விறகு வேண்டும். விறகு இருந்தது இந்த மொர்வான் மலைக்காடுகளில். 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அதை ஆற்றிலேயே விட்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு வியாபாரியும் கட்டையின் நுனியில் தன் முத்திரையைச் சுத்தியலால் அடித்துவிடுவார். ஓடைகளைத் தேக்கி, ஒரே மூச்சில் திறந்துவிட்டால் கட்டைகள் உருண்டு புரண்டு கிளாம்சிக்கு வந்து சேரும். இங்கே ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் தண்ணீரில் நின்று பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, எழுபது மீட்டருக்கு மேல் நீளமான தெப்பமாகக் கட்டினார்கள். தெப்பத்தில் ஒரு ஆளும் துணைக்கு ஒரு பையனும். பாரிசில் தெப்பத்தைப் பிரித்துக் கரையேற்றிவிட்டு, இருநூறு கிலோமீட்டர் நடந்தே திரும்பி வருவார்கள்! 1923-ஓடு எல்லாம் நின்றது.

இந்தக் கால்வாயும் விறகுக்காகப் போட்டதுதான். மலைக்கு அந்தப் பக்கம், லுவார்ப் பக்கத்துக் காட்டு விறகையும் இந்த ஆற்றில் சேர்க்க 1784-இல் தோண்டத் தொடங்கி, பிறகு படகுக் கால்வாயாக மாற்றி, 1840-களில்தான் முடித்தார்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது, நிலக்கரியும் வந்துவிட்டது.

"லேட்டாத் தோண்டியிருக்கான்" என்றான் மச்சான்.

மே 10, வெள்ளி. பாய் குளம்

வெயில். தண்ணீர் பிடிக்க இந்த நாட்டில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு ரகசிய வழி உண்டு: கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற எங்கும் ஒரு குழாய் இருக்கும். 'குடிக்கக் கூடாது' என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். ப்ரேவ் கிராமத்தில் அப்படி நுழைந்தோம். அங்கேதான் ரொமேன் ரொலான் புதைக்கப்பட்டிருக்கிறார். 1866-இல் கிளாம்சியில் பிறந்தவர். 1915-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் அவருக்கு. காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் மூவரின் வாழ்க்கையையும் பிரெஞ்சில் எழுதியவர். 1931 டிசம்பரில் காந்தி சுவிட்சர்லாந்துக்கு அவரைப் பார்க்கப் போய்த் தங்கினார். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றான். பிறகு இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் பிடித்தான்.

மதியம் சார்டி. மூன்று நாலு கிலோமீட்டருக்குள் பதினாறு மதகுகள், காட்டுக்குள் படிக்கட்டு மாதிரி. கீழேயே மச்சானின் பின்சக்கரம் பஞ்சர். டியூபைக் கழற்றிக் கால்வாயில் முக்கினேன். குமிழி வந்த இடத்தில் முள் முனை. "நமக்காவது இந்தத் தண்ணி ஒதவுச்சே" என்றான்.

ஒட்டுப்போட்டுக் காயவிட்ட நேரத்தில் ஒரு படகு வந்தது. மதகுக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், கையுறை போட்டிருந்தாள். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க் கதவு இரண்டையும் முதுகு கொடுத்துச் சாத்தினாள். மேலே போய்ப் பலகை தூக்கும் பிடியைச் சுற்றினாள். பல்சக்கரம் கடகடவென்று ஏற, கதவின் அடியிலிருந்து தண்ணீர் பழுப்பு நுரையாகக் குமுறிக்கொண்டு வந்தது. பாசி பிடித்த சுவரைக் கல் கல்லாக மூழ்கடித்தபடி படகு மேலே வந்தது. முதலில் கூரை, அப்புறம் தொப்பி போட்ட கிழவர், அப்புறம் அவர் நாய். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமானதும் மேல்கதவு தள்ளினால் வந்துவிட்டது. எதிர்ப்பக்கக் கதவுக்கு மச்சான் போனான். யாரும் கூப்பிடவில்லை. மொழி தேவைப்படவும் இல்லை. ஏரி மதகில் நின்று பழகின உடம்பு.

அடுத்த மதகுக்கு ஏறும்போது சொன்னான்: "ஒவ்வொரு படகும் ஒரு குட்டைத் தண்ணிய மேலேர்ந்து கீழ எறக்கிட்டுத்தான் போவுது மாமா. அப்ப உச்சியில தண்ணி எங்கேர்ந்து வருது?"

எனக்கு இது தோன்றவே இல்லை. உச்சியில்தான் பாய், வோ என்று இரண்டு பெரிய குளங்கள். அவையும் போதாமல், இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மலையோரமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி இயோன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். மச்சான் இத்தனை நாள் தேடிய வாய்க்கால் அதுதான், ஆனால் அது பாய்வது இன்னொரு வாய்க்காலுக்கு.

ஒன்றாம் எண்ணைத் தாண்டியதும் கால்வாய் மலைக்குள் புகுந்துவிடுகிறது. கொலான்செல் சுரங்கங்கள் மூன்று; பெரியது 758 மீட்டர். நாங்கள் மேலே காட்டுப் பாதையில் சுற்றிப் போனோம். சுரங்க வாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் பாறையை வெட்டிய பள்ளம், சுவரெல்லாம் பெரணி, ஐவிக் கொடி, சொட்டும் தண்ணீர். மே மாத வெயிலிலும் அங்கே குளிர்ந்தது.

பாய் குளக்கரையில் கூடாரம். குளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரே ஒரு கரை. மச்சானுக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று. ஒன்பதரைக்கே தூங்கிவிட்டோம்.

மே 11, சனி. டெசீஸ்

காலையில் பக்கத்துக் கூடாரத்து டச்சுத் தம்பதி கைப்பேசியைக் காட்டினார்கள். ராத்திரி வானம் முழுக்க இளஞ்சிவப்பு. வடதுருவ ஒளி, பிரான்சில் பல ஊர்களில் தெரிந்ததாம். எங்கள் தலைக்கு மேலேயே நடந்திருக்கிறது. மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அதில் ஓரமாக எங்கள் கூடாரம் தெரிந்தது.

பகல் முழுக்க இறக்கம், வெள்ளை மாடுகள், டெசீஸ். எழுத ஒன்றும் இல்லை. மனசு ஆறவில்லை.

மே 12, ஞாயிறு. நெவேர்

லுவார் கரை. இந்த ஆறு நம்மூர் ஆறு மாதிரி மணல் திட்டும் நாணலும் போட்டுக்கொண்டு அகலமாகப் படுத்திருக்கிறது. படகு ஓட்ட லாயக்கில்லை என்று பக்கத்திலேயே தனிக் கால்வாய் வெட்டிவிட்டார்கள். அந்தக் கால்வாய் அலியே ஆற்றைக் கடக்கிற இடம் கெத்தான். பதினெட்டு வளைவுகள், 343 மீட்டர் கல்பாலம், பாலத்தின் மேல் தண்ணீர், தண்ணீரில் படகு. "தொட்டிப்பாலம்" என்றான் மச்சான் உடனே. சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். நடுப்பாலத்தில் ஒரு வாத்து, எட்டுக் குஞ்சுகளோடு, ஆற்றுக்கு மேலே நீந்திக்கொண்டிருந்தது.

மே 13, திங்கள். பெர்த்ரான்ஜ் காடு – லா ஷாரித்தே

கடைசி நாள் ஆற்றை விட்டுக் காட்டுக்குள். வழியில் கெரிஞி: கடற்படைக்கு நங்கூரமும் சங்கிலியும் அடித்த பட்டறை ஊர், 1971-இல் மூடிவிட்டார்கள். அந்த உலைகளும் ஒரு காலத்தில் இந்தக் காட்டு மரக்கரியில்தான் எரிந்தன. பெர்த்ரான்ஜ் சுமார் 10,000 ஹெக்டேர், பெரும்பாலும் ஓக். ஒயின் பீப்பாய்க்குப் பேர்போன மரம். நேர்கோடாகப் பாதைகள், பல பாதைகள் ஒன்றுகூடும் இடத்தில் வெள்ளைக் கைகாட்டி. வெட்டின மரங்களை ஓரமாக அடுக்கி, முகப்பில் பெயின்டால் எண் போட்டிருந்தார்கள். மச்சான் நின்று முகர்ந்து பார்த்தான். "புளிச்ச வாசனை வருது மாமா."

நாலு மணிக்கு லா ஷாரித்தே நிலையம். பெர்சிக்கு ரயில். சைக்கிளைத் தூக்கி மாட்டும்போது அவன் பின்பை கைக்குக் கனத்தது. இந்த ஆறு நாளாகச் சாப்பாடு குறைந்துகொண்டேதானே வந்தது?

"என்னடா இதுல?"

பையைத் திறந்து காட்டினான். அடுக்குக்குக் கீழே சிதறிக் கிடந்த ஓக் கட்டைத் துண்டு ஒன்று, முழங்கை நீளம்.

"பாரிசுக்கு வெறகு, மாமா."