ஓரத்தில் எழுதியது

இரைப்பை ஆராய்ச்சியில் வேலை என்று சொன்னால் குழாய், கேமரா, ரத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி காகித வேலை. மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஆய்வில் சேர்ந்தவர்களைத் தேதி தவறாமல் வரவழைப்பது, மிச்ச மாத்திரையை எண்ணி வாங்கி வைப்பது, அவர்கள் தினமும் எழுதிக் கொண்டுவரும் குறிப்பேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது, இவ்வளவுதான்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், மேல்வயிறு எரியும், மணிக்கணக்கில் கல்லைக் கட்டினதுபோல் கிடக்கும், ஆனால் எண்டோஸ்கோபியில் புண்ணோ வீக்கமோ எதுவும் தெரியாது. "எல்லாம் நார்மல்" என்று பலமுறை கேட்டு அலுத்துப்போய் வந்தவர்கள் என்பதால் அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் நான் வாயில் எடுப்பதே இல்லை.

கிருமி என்றால் அளக்கலாம். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சே போதும்: கார்பன் 13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்தால், கிருமி தன்னுடைய யூரியேஸ் நொதியால் அதை உடைக்கும், அந்தக் கார்பன் அரை மணி நேரத்துக்குள் மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாக வந்துவிடும். இதிலும் மனிதர்கள் குறுக்கே வருவார்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். "மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். பையைத் திறந்தால் அட்டை பாதி காலியாக இருக்கும். "அது மாத்திரை இல்ல தம்பி, கேஸுக்குப் போடுறது."

இரைப்பை காலியாகும் வேகத்தையும் அளக்கலாம். துளி கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை உணவைக் கொடுத்துவிட்டு 4 மணி நேரம் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம். பிரச்சினை என்னவென்றால் அந்த எண்ணும் ஆள் படுகிற கஷ்டமும் பல நேரம் ஒத்துப்போகாது. தாமதமே இல்லாதவர் சுருண்டு படுத்திருப்பார். அதனால் கடைசியில் மருந்து வேலை செய்ததா என்று முடிவு செய்வது அவர்கள் கையால் எழுதிய குறிப்பேடுதான். அதிலும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே பத்தில் மூன்று நான்கு பேர் தேறிவிட்டதாகச் சொல்வது இந்த நோயில் சகஜம் என்பதால், உண்மையான மருந்து அதைத் தாண்டிக் காட்ட வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டைத்தான் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, ஒரே பேனாவில், மூன்று வாரத்துக்கும் சேர்த்து நிரப்புவார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் 2002இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் குறிப்பேடு கொடுத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்று தெரிய உள்ளே ஓர் ஒளி உணரியை வைத்திருக்கிறார்கள். 90 சதவீதப் பதிவுகளைச் சரியான நேரத்தில் எழுதியதாகக் குறிப்பேடு சொன்னது, உணரி சொன்னது 11 சதவீதம். சரி, எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

ஒரு அம்மா மட்டும் ஒழுங்காக எழுதுவார். ஒவ்வொரு நாளும் வேறு மை, வேறு அழுத்தம். எண்ணைப் போட்டுவிட்டு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருப்பார். ஓரத்துக்குக் கணினியில் கட்டம் கிடையாது, நானும் படிக்கவில்லை. ஏழு, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்த வலி ஒரு வாரத்தில் திடீரென்று ஐந்து நாளும் சுழி. ஏற்றிவிட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்கூட, மருந்து பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று.

பல வாரம் கழித்து, அந்தச் சுழிகளைச் சரிபார்க்கச் சொல்லி மேலே இருந்து கேள்வி வந்தது. குறிப்பேட்டை எடுத்து ஓரத்தை அன்றுதான் படித்தேன். "அவரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. சாப்பிடவே இல்ல, காப்பியோட சரி." சாப்பிட்ட பிறகு எவ்வளவு வலி என்பதுதான் கேள்வி. சாப்பிடாதவர் சுழி என்று நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறார். நான் அதைக் குணம் என்று ஏற்றியிருக்கிறேன். விளக்கி எழுதி அனுப்பினேன். நோயாளி எழுதிய எண் அப்படியே இருக்கட்டும், நாம் மாற்றக்கூடாது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரிதான், எண்ணைத் திருத்த ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் துறையின் ஆரம்பமே ஓரக்குறிப்புதான் என்று எனக்குத் தோன்றும். 1822இல் துப்பாக்கிக் குண்டு பட்டு, இரைப்பைக்கு நேராக மூடாத ஓட்டையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரை வைத்து வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் சோதனை செய்தார். உணவைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, எடுத்துப் பார்ப்பார். அப்படிச் செய்தவற்றை 1833இல் புத்தகமாகப் போட்டார், 238 சோதனைகள். செரிக்க எத்தனை மணி நேரம் என்பதோடு அன்றைய வானிலையும், ஆள் கோபமாக இருந்தபோது வயிறு என்ன செய்தது என்பதும் அதில் இருக்கிறது. செயின்ட் மார்ட்டினுக்கு அதெல்லாம் பிடித்ததா என்பது வேறு கதை. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவார். எங்கள் ஆட்களும் போவார்கள், அதற்குத் தனிப் படிவமே உண்டு.

அடுத்த ஆய்வில் குறிப்பேட்டை எடுத்துவிட்டுக் கைபேசிச் செயலி கொடுத்தார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அன்றைய பக்கம் பூட்டிக்கொள்ளும், மூன்று வாரத்தைச் சேர்த்து நிரப்ப முடியாது, நல்லதுதான். அந்த அம்மா இதிலும் சேர்ந்தார். முதல் நாள் எண்ணைத் தொட்டுக் காட்டிக் கற்றுக்கொடுத்ததும், திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் எங்க எழுதறது தம்பி?" என்றார். வரும்போது என்னிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லுவார். வருகைக் குறிப்பில் எழுதி வைப்பேன். அதை ஏற்றச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.