பினாங்கு, புக்கெட் கப்பல் பயணம்: விளம்பர விலையும் நாங்கள் கட்டிய விலையும்

அம்மாவுக்கு எழுபது வயது. கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தபோது ஒரு தடவை கப்பலில் கூட்டிப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நான், கணவர், பாலர் பள்ளி போகும் மகன், அம்மா என நான்கு பேர், மரினா பே முனையத்திலிருந்து ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பலில் நான்கு இரவுகள்.

விளம்பரத்தில் போடுவது வெறும் கட்டணம்தான். அதற்கு மேல் துறைமுக வரி உண்டு, அப்புறம் டிப்ஸ். டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 18 அமெரிக்க டாலர், குழந்தைக்கும் அதே கணக்கு, எங்கள் நால்வருக்கு மட்டும் ஏறக்குறைய 290 டாலர் ஆனது. 'குழந்தைக்கு இலவசம்' என்று சலுகை வந்தாலும் வரியும் டிப்ஸும் குழந்தைக்கும் கட்டத்தான் வேண்டும். அதனால் நான் எந்தத் தேதியைப் பார்த்தாலும் பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசியில் வரும் தொகையை மட்டும் நோட்டில் எழுதி ஒப்பிட்டேன்.

உண்மையான மிச்சம் தேதியில்தான் கிடைத்தது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் கேட்ட விலையையும் ஜனவரி இரண்டாம் வாரம், திங்கட்கிழமை கிளம்பும் பயணத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கணவர் நம்பவே இல்லை. மகன் இன்னும் தொடக்கப்பள்ளிக்குப் போகவில்லை என்பதால் எங்களுக்கு அது முடிந்தது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கஷ்டம்தான். அறை விஷயத்தில் பால்கனி வேண்டுமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். "தூங்குறதுக்கு எதுக்கும்மா ஜன்னல், கடலைப் பார்க்க மேல போயிடலாம்ல" என்று அம்மா சொல்லிவிட்டார். சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கைகள் உள்ள, நான்கு பேர் தங்கும் உள் அறையை எடுத்தோம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவாக வந்தது. இந்த அறைகள் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு முகவர் மூலமாகப் பதிவு செய்தோம். விலை நேரடியாகப் பதிவு செய்வதற்குச் சமம்தான், ஆனால் அவர்கள் கப்பலில் செலவு செய்ய 50 டாலர் கொடுத்தார்கள். முன்பணம் கட்டியதோடு நான் விட்டுவிடவில்லை, வாரம் ஒரு முறை அதே பயணத்தின் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏழாவது வாரம் தலைக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இறங்கியிருந்தது. உடனே முகவரை அழைத்துக் கேட்டேன், முழுப் பணம் கட்டும் கெடு தாண்டவில்லை என்பதால் புதிய விலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நால்வருக்கும் சேர்த்து 240 வெள்ளி. நாமாகக் கேட்காமல் இதை யாரும் செய்து தர மாட்டார்கள், அதை மட்டும் மறக்காதீர்கள்.

இப்போது புள்ளிகள். அடிக்கடி பயணம் செய்பவர்களுக்குச் சலுகை தரும் உறுப்பினர் திட்டம் ராயல் கரீபியனில் உண்டு, பெயர் கிரவுன் அண்ட் ஆங்கர். அதில் சேரப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பது கணக்கில்லை, சூட் எனப்படும் உயர்தர அறை எடுத்தால் இரட்டிப்பு. அதாவது பால்கனிக்காரருக்கும் உள் அறைக்காரருக்கும் ஒரே புள்ளி! 3 புள்ளியில் கோல்ட் நிலை, 30-இல் பிளாட்டினம், 80-இல் டைமண்ட். பிள்ளைகளுக்குப் பெற்றோரின் நிலையே கிடைக்கும். இரண்டு வருடம் முன்பு நாங்கள் போன மூன்று இரவுப் பயணத்தால் ஏற்கெனவே கோல்ட், இப்போது மொத்தம் 7. கோல்டில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை, எனவே புள்ளிக்காக ஒரு வெள்ளி கூட அதிகம் செலவழிக்காதீர்கள் என்பேன். ஆனால் உரியது வந்து சேர வேண்டும் அல்லவா, எங்கள் முகவர் உறுப்பினர் எண்ணைப் பதிவில் சேர்க்காமல் விட்டுவிட்டார். திரும்பி வந்து இரண்டு வாரமாகியும் புள்ளி ஏறாததைப் பார்த்துப் பதிவு எண்ணோடு எழுதிக் கேட்டு வாங்கினேன்.

இந்திய பாஸ்போர்ட்டில் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் விசாவைக் கட்டாயம் பாருங்கள். கப்பல் ஏறினாலே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வர விசா பலமுறை நுழைவு உள்ளதாக இருக்க வேண்டும். அம்மாவுடையது அப்படி இருந்ததால் தப்பித்தோம்.

பினாங்கில் சுற்றுலாப் பொதி (பேக்கேஜ்) எடுக்கவில்லை. ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி மெதுவாக நடந்தே லிட்டில் இந்தியா போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கப்பலில் பஃபே, டீ, காபி எல்லாம் கட்டணத்திலேயே அடங்கியதால் பானப் பொதியும் வாங்கவில்லை.

கடைசி இரவு கணக்கைச் சரிபார்த்தபோது அந்த 50 டாலர் அப்படியே கிடந்தது. செலவழிக்காவிட்டால் போய்விடும், காசாகத் தர மாட்டார்கள். கப்பல் புகைப்படக்காரர் எடுத்திருந்த அம்மாவின் படம், மேல் தளத்தில் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அதை வாங்கிவிட்டேன். இப்போது கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.