எட்டு சென்ட்ல சாயச் செடி: அவுரி நீலம் வர ஒரு வருஷம் ஆச்சு

போன வருஷம் ஆடியில ஆரம்பிச்சதுங்க, இப்பத்தான் ஒரு சிட்டம் (ஒரு கட்டு) நூலு நல்ல நீலமா கொடியில காயுது, அதைப் பாத்துட்டே இதை எழுதறேன். சென்னிமலைப் பக்கம் எங்க வீதியில ஏழு குடும்பம் சேந்து செய்யறோம், அதுல நாலு வீட்ல இன்னும் தறி ஓடுது. வீதிக்குப் பின்னாடி எட்டு சென்ட் எடம் சீமைக்கருவேலம் மண்டிக் கெடந்துச்சு, நாங்களே வெட்டி சுத்தம் பண்ணிக்கறோம், வெளைச்சுக்கறோம்னு கேட்டோம், எடத்துக்காரரு சரின்னுட்டாரு.

காய்கறி போடாம எதுக்கு சாயச்செடின்னு கேக்காத ஆளில்ல. ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம்ங்க. நொய்யல்ல வந்த சாயத்தண்ணி அங்க தேங்கி சுத்துப்பட்டு கெணறெல்லாம் என்ன ஆச்சுன்னு பாத்து வளந்தவங்க நாங்க, 2011ல ஹைகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்னது வரைக்கும் எல்லாம் கண்ணு முன்னாடி நடந்தது. ஆனா எங்க வீட்டு சோறும் சாயம் போட்ட நூல்ல இருந்துதான் வருது. அதனால ஒரு நெறமாச்சும் செடியில இருந்து நாமளே எடுத்துப் பாக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

மொத ஆறு மாசம் வெதையிலயே போச்சு. அவுரி வெதைன்னு கேட்டு வாங்கி வெதச்சோம், நல்லா மொளச்சுது, எல கொஞ்சம் பெருசா இருக்கேன்னு அப்பவே தோணுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா மஞ்சப் பூ பூக்குது! அது நிலாவாரைங்க, மலச்சிக்கல் மருந்துக்குப் போற செடி. தெற்க தூத்துக்குடி பக்கம் அதையும் அவுரின்னுதான் சொல்றாங்க, பேரு ஒண்ணு செடி ரெண்டு. நீலம் தர்ற அவுரிக்கு எல சின்னதா, முனை மழுங்கி இருக்கும், பூவு பொடிசா ரோஸ் கலர்ல வரும். வெதை வாங்கறவங்க இதை மட்டும் கேட்டு, முடிஞ்சா செடி போட்டோ பாத்துட்டு வாங்குங்க.

அப்புறம் திண்டிவனம் பக்கத்துல இருந்து சரியான வெதை வரவழைச்சோம், அங்கெல்லாம் இன்னும் நீலத்துக்குன்னே அவுரி போடறாங்க. வெதைத் தோலு கெட்டி, அப்படியே போட்டா பாதிகூட மொளைக்காதுன்னு மணலோட சேத்து கையில நல்லா தேச்சு ராத்திரி ஊறவச்சு தை கடைசியில வெதச்சோம். எங்க செம்மண்ணுக்கு அது சண்டையே போடல, உரமும் வேண்டாம், பயறு சாதிச் செடிங்கறதால மண்ணுக்கு அதுவே தழைச்சத்து குடுக்கும். தண்ணி தேங்காம பாத்துக்கிட்டா போதும்.

வளக்கறது சுலபம்ங்க, எலைக்குள்ள இருக்கறத வெளிய கொண்டு வர்றதுலதான் எல்லா வேலையும். எலையில நீலம் நீலமா இருக்காது, இண்டிகன்னு நெறமே இல்லாத சத்தா இருக்கும், ஊறும்போது அது பிரிஞ்சு தண்ணிக்கு வந்து, காத்து பட்டாத்தான் நீலமாகும். சித்திரையில மொத அறுப்பு, பூ எடுக்கற நேரம், தரையில இருந்து ஒரு சாண் விட்டு அறுத்தோம். சாயங்காலம் டிரம்ல போட்டு கல்லு வச்சு அமுத்தி, அடுத்த நாள் எல்லாரும் தறி முடிச்சு வரட்டும்னு சாயங்காலந்தான் தெறந்தோம். அந்த வெயிலுக்கு ஒரு முழு நாள் ஊறுனா என்ன மிஞ்சும், தண்ணி கருப்பா நாறிப்போய், அடிச்சு அடிச்சுப் பாத்தும் சாம்பல் நெறச் சேறுதான் வந்துச்சு. அன்னைக்கு யாருக்கும் பேச்சே வரல.

ஆனியில ரெண்டாவது அறுப்பு. இந்த வாட்டி ராத்திரி முறை போட்டு ஆள் மாத்தி ஆள் பாத்தோம். பதினாலு மணி நேரத்துல தண்ணி மஞ்சளும் பச்சையுமா, மேல செம்பு மாதிரி ஒரு ஆடை, அதான் பதம். எலைய எடுத்துட்டு, தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி, பக்கெட்டுல மோந்து மோந்து ஒசரத்துல இருந்து ஊத்துனோம், ஒன்றரை மணி நேரம். நொரை மொதல்ல பச்சை, அப்புறம் மயில் கழுத்து, அப்புறம் நல்ல நீலம், கடைசியா நொரை தானா அடங்குச்சு. ராத்திரி பூரா தெளியவிட்டு மேல்தண்ணிய எறுத்து, அடியில நின்ன சேத்த வேட்டியில வடிகட்டிக் காயவச்சோம். 22 கிலோ செடிக்கு வந்தது 60 கிராம் கட்டி!

அந்தக் கட்டி தண்ணியில கரையாதுங்க, சாயத்தொட்டி கட்டணும், அதாவது புளிக்க வச்சு நீலத்தக் கரைய வைக்கணும். ஊசித்தகரை வெதையக் கொழகொழன்னு வேகவச்சு, சுண்ணாம்பு சேத்து, நீலத்த அரைச்சுக் கலந்து மண்தாழியில மூடி வெயில்ல வச்சு தெனமும் கிண்டுனோம். ஒம்பதாவது நாள்தான் அடித்தண்ணி மஞ்சளா மாறி மேல நொரை கட்டுச்சு. கஞ்சி போக வேகவச்சு அலசுன நூலை, தறிக்கார ஆத்தா ஒருத்தங்கதான் மொதல்ல முக்குனாங்க. வெளிய எடுத்தப்போ வாழக்குருத்து நெறம். ஆத்தா பிழிஞ்சு உதறுனாங்க, உதற உதற இழை இழையா ஓரத்துல இருந்து நீலம் ஏறுது, கையிலயே மாறுது. "கண்ணு, இங்க பாரு, இங்க பாரு"ன்னு அவங்க கூப்பிட்ட கூப்பாட்டுல மூணு வீட்டுத் தறி நின்னுபோச்சு. ஆறு வாட்டி முக்கி முக்கிக் காத்தாட விட்டதுல நல்ல அழுத்தமான நெறம் வந்துச்சு, இதுக்கு நெறம் புடிக்க வைக்கற படிகாரமெல்லாம் வேண்டாம்.

வரப்போரம் செண்டுமல்லி இருக்குது. கடுக்காய்த் தண்ணியில நனச்சு படிகாரம் ஏத்துன துணிக்கு நல்ல மஞ்சள் குடுக்கும், ஆனா ஒரு தடவை பழைய இரும்புச் சட்டியில காச்சிட்டோம், அத்தனையும் பாசிப்பச்சையாப் போச்சு. இரும்பு பட்டா அப்படித்தான். துணியில படம் எழுதற கலம்காரியில துரு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவச்சு கடுக்காய்த் துணி மேல கருப்பு எடுக்கறாங்களே, அதே வேலைதான் இதுவும். இப்ப மஞ்சளுக்கு எவர்சில்வர் மட்டும்.

ஒரு மூலையில மணல் கொட்டி சாயவேரும் போட்டிருக்கோம், செவப்புக்கு. கடலோர மணல்ல வளர்ற செடி, எங்க ஊருல தாக்குப்புடிக்குமான்னு பயந்தேன், புடிச்சிருச்சு. ஒண்ணு புடுங்கிப் பாத்தேன், வேரு தையல் நூலு தண்டி, நகத்துல கீறுனா லேசா ஆரஞ்சு. ரெண்டு வருஷமாச்சும் ஆகணும், அதனால யாரும் தொடக்கூடாதுன்னு சுத்தி முள்ளு போட்டுட்டோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது அறுப்பு. ராத்திரி ரெண்டு மணி முறை என்னுது.