ரோட்டாமீட்டர் எண்ணிலிருந்து கிலோவாட்: கணக்கு ஒத்துவந்தது

பர்னருக்குப் போகும் இயற்கை எரிவாயுவை அளந்து போட்ட கணக்கும், அது சூடாக்கிய தண்ணீரை வைத்துப் போட்ட கணக்கும் ஒருவழியாக ஒத்துவந்துவிட்டன. இனிமேல் இந்த பர்னர் எத்தனை கிலோவாட் என்று யாராவது கேட்டால் நெஞ்சு நிமிர்த்திப் பதில் சொல்வேன்.

மணிக்கு இத்தனை கன மீட்டர், அதைக் கலோரி மதிப்பால் (ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் கிடைக்கும் வெப்பம், இங்கே 38.5 மெகாஜூல்) பெருக்கி 3.6ஆல் வகுத்தால் கிலோவாட். இது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்தான். அதில் போடுகிற ஓட்ட அளவு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வம்பே.

ரோட்டாமீட்டர் (நிமிர்ந்த குழாயில் மிதவை எழும்பும் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 8 லிட்டர் காட்டியது. அப்படியே போட்டால் 5.1 கிலோவாட். அந்தப் பக்கம் செப்புச் சுருள் வழியாக நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் ஓடி, 29.5 டிகிரி சூடேறி வெளியே வருகிறது. அது 6.2 கிலோவாட்! வாயுவில் இருந்ததைவிட அதிக வெப்பம் தண்ணீருக்குள் போனதாம். அப்படியொரு கருவி என் மேசைமேல் இருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

விஷயம் இதுதான். குழாயில் பொறித்திருக்கும் கோடுகள் காற்றுக்கானவை. இயற்கை எரிவாயுவின் ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 0.6. வாயு லேசாக இருந்தால், மிதவையை அதே உயரத்தில் தூக்கிப் பிடிக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஆகவே 0.6இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அதாவது 1.29ஆல் பெருக்க வேண்டும். 8 லிட்டர் 10.3 லிட்டர் ஆகிறது. நம்பிக்கை வராமல், ஓடிய வாயுவின் கன அளவை நேரடியாக எண்ணும் டயாபிரம் மீட்டரையும் ஸ்டாப்வாட்சையும் வைத்துப் பார்த்தேன்: 10 லிட்டருக்கு 58 விநாடி. சரியாக அதே ஓட்டம். விற்பவர்கள் இந்தத் திருத்தத்தை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதித் தரக்கூடாதா?

அப்புறம் வெப்பநிலை, அழுத்தம். வாயு 30 டிகிரியில், 20 மில்லிபார் மிகையழுத்தத்தில் இருக்கிறது. கலோரி மதிப்போ 15 டிகிரிக்கும் 1013 மில்லிபாருக்கும் சொன்னது. இரண்டும் சேர்ந்து 3 சதவீதம் குறைக்கின்றன. முடிவு 6.4 கிலோவாட். தண்ணீர் பிடித்தது அதில் 96 சதவீதம். இங்கே மொத்த கலோரி மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். சுருளின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது, புகையில் இருந்த நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. நீராவி அப்படியே வெளியேறும் அடுப்பு என்றால் நிகர மதிப்பு, ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. கலோரி மதிப்பை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது வோபே எண். ரோட்டாமீட்டர் திருத்தத்திலும் அதே வர்க்கமூலம்தானே! ஆகவே காற்றுக் கோட்டில் தெரியும் 8ஐ மணிக்கு 0.48 கன மீட்டராக்கி, வோபே எண் 49.7ஆல் பெருக்கி, வழக்கம்போல 3.6ஆல் வகுத்தால் வேலை முடிந்தது. வெப்பநிலை, அழுத்தத் திருத்தம் மட்டும் மிச்சம். ஒப்படர்த்தியைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். குழாயில் வரும் வாயுவின் கலவை கொஞ்சம் மாறினாலும் வோபே எண் அதிகம் ஆடாதபடி விநியோகிப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஹியூகோ யுங்கர்ஸ் 1890களில் செய்த ஓடுநீர்க் கலோரிமீட்டரின் ஏழைச் சொந்தக்காரன்தான் என்னுடையது. வெளியுறைக்குக் கம்பளிக் காப்பு இன்னும் சுற்றவில்லை. அதற்குள், வாயு எடுத்துச்செல்லும் வெப்பத்தை வைத்து ஓட்டத்தை அளக்கும் வெப்பவழி நிறை ஓட்ட உணரி ஒன்றின் மேல் கண் போய்விட்டது. அது நைட்ரஜனுக்கு அளவிட்டது, மீத்தேனுக்கு அது காட்டும் எண்ணைச் சுமார் 0.72ஆல் பெருக்க வேண்டும். இன்னொரு திருத்தம், இன்னொரு வம்பு. முதலில் காப்பைச் சுற்றிவிட்டு, அந்த மிச்ச 4 சதவீதத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறேன்.