மஞ்ச லைட்டு

ஆரியங்காவுல இருந்து வந்த சேட்டன் என் ஒர்க்ஷாப்ல பைக்கை நிறுத்தினதும், வழக்கம்போல ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜின்ல ஊன்றி, பிடியில காதை வச்சேன்.

சத்தம் சுத்தம். மீட்டர்ல இன்ஜின் கோளாறைக் காட்டுற மஞ்ச லைட்டு மட்டும் அணையல.

கடைப் பையன் ஸ்கேனரைச் சொருகினான். "அண்ணாச்சி, எரர் கோடு பி0122. ஆக்சிலேட்டர் திறப்பை அளக்குற த்ராட்டில் சென்சார்."

கழட்டிப் பார்த்தா சாக்கெட்டுக்குள்ள பச்சை பூத்திருக்கு. வர்ற வழியில புளியரை மழைய்யா! துடைச்சு மாட்டினேன், அவன் ஸ்கேனர்ல அந்த எரர் கோடை அழிச்சான், லைட்டு அணைஞ்சுது.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்தப்பவே தெரியும், இனி புது வண்டில பெரும்பாலும் சென்சார் சொல்றபடி பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்‌ஷன்தான்னு. கார்பரேட்டர் ஜெட்டை ஊதி ஊதியே காலத்தை ஓட்டிரலாம்னு நினைச்சது என் சோம்பேறித்தனம்.

மத்தியானம் பையன்கிட்ட உட்கார்ந்து இருபது எரர் கோடு எழுதி வாங்கினேன்.

"ஸ்க்ரூடிரைவர்ல அப்படி என்னதான் கேக்கும் அண்ணாச்சி?"

வால்வு தட்டுற பழைய வண்டி ஒண்ணு நாளைக்கு வருது. காதைக் குடுன்னு சொல்லியிருக்கேன்.